நீங்காமையியல்: வீட்டுக் கணினியிலிருந்து போக மறுக்கும் மென்பொருள்கள் குறித்து ஒரு முதற்கட்ட ஆராய்ச்சி

பாயிரம்

பாயிரம் இல்லாத நூலை நூலாகவே மதிக்கமாட்டார்கள் என்பதால் இந்தப் பாயிரம். மென்பொருளைக் கணினியில் ஏற்றுவது எப்படி என்பதை இவ்வாய்வு பேசாது. ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்’ என்று அதைப் பச்சைக் குழந்தையும் செய்துவிடும். ஏறியது இறங்க மறுப்பதே இங்கு ஆராய்ச்சிப் பொருள். களம்: எங்கள் வீட்டுக் கூடத்தில், தையல் மிஷினுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள மேசைக் கணினி. ஆய்வுப்பொருள்: பிடிஎஃப்பை வேர்டாக மாற்றித் தரும் இலவச மென்பொருள் ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, பிரவுசரின் உச்சந்தலையில் குடியேறிய ஒரு டூல்பார். ஆய்வு அறம் கருதி அதன் பெயர் மறைக்கப்படுகிறது. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறப்பட்டது (சமையலறை, வாய்மொழி, சிடுசிடுப்புடன்).

வழக்கப்படி இந்த இடத்தில் ‘நீக்கம்’ என்ற சொல்லின் வேரைத் தோண்டி, அது எந்தெந்தக் கடல்களைக் கடந்து எந்தெந்த மொழிகளுக்குப் போய்க் குடித்தனம் நடத்தியது என்று ஒரு தனி இயல் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. ஆய்வேட்டின் எடை அதனால் குறைந்திருப்பதைத் தேர்வாளர்கள் பொறுத்தருள்க.

1. காலநிர்ணயம்

டாஸ் காலத்தில் மென்பொருள் என்பது பெரும்பாலும் ஒரு கோப்புறை. கோப்புறையை அழித்தால் மென்பொருள் போயிற்று. இதனை ஆய்வாளர்கள் பொற்காலம் என்பர். அக்காலத்தில் வாழாதவர்கள் உறுதியாகவே அப்படிச் சொல்வர். விண்டோஸ் வந்தபோது வால் மிஞ்சத் தொடங்கியது: ஏறும்போதே மென்பொருள்கள் ‘வின்.ஐஎன்ஐ’ என்ற பொதுக் கோப்பில் தம் பெயரைக் கிறுக்கி வைத்தன. விண்டோஸ் 95-இல்தான் கன்ட்ரோல் பேனலுக்குள் ‘ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ்’ என்று நீக்கத்துக்கென ஒரு வாசல் திறக்கப்பட்டது. 2007-இல் விஸ்டா கடைக்கு வந்தபோது அதே வாசலுக்கு ‘புரோகிராம்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்’ என்று புதுப் பலகை மாட்டினார்கள். ‘ரிமூவ்’ என்பது பலகையிலிருந்தே போய்விட்டது. இவ்வாய்வில் பதிவான முழுமையான நீக்கம் அது ஒன்றுதான்.

2. வகைப்பாடு

நீங்காத மென்பொருள்கள் ஏழு வகைப்படும். ஆறு என்பாரும் உளர். அவர்கள் வேறு பல்கலைக்கழகம்.

2.1 கூட வருவன. நாம் அழைத்தது ஒன்று, வந்தது இரண்டு. இவற்றுள் தலையாயது ஜாவாவோடு வந்த ஆஸ்க் டூல்பார். 2013-இல் எட் பாட் என்ற பத்திரிகையாளர் இதை உட்கார்ந்து கவனித்து எழுதினார்: ஜாவா அப்டேட் முடிந்த கையோடு டூல்பார் ஏறுவதில்லை. பத்து நிமிடம் சத்தமில்லாமல் காத்திருந்துவிட்டு, பிறகு ஏறுகிறது. ‘வேண்டாததை டிக் செய்துவிட்டோமோ’ என்று பதறிப்போய் உடனே பட்டியலைப் பார்ப்பவருக்கு அங்கே ஒன்றும் தெரியாது. நிம்மதியாக எழுந்து காபிக்குப் போய்விடுவார். இத்துணைப் பொறுமையை இன்றைய ஆய்வு மாணவர்களிடம் காண்பது அரிது.

2.2 பெயர் மட்டும் நிற்பன. பட்டியலில் பெயர் இருக்கும். அழுத்தினால் ‘கோப்பைக் காணோம்’ என்று வரும். ஆவி, பேய் என்றெல்லாம் இதற்கு விளக்கம் எழுதியவர்கள் உண்டு (வீட்டு மரபு, மாமியார், வாய்மொழி). உண்மையான காரணம் இதைவிட வியப்பானது. அந்தப் பட்டியல், கணினியில் இருக்கும் மென்பொருள்களை விண்டோஸ் எண்ணிப் பார்த்துத் தயாரித்தது அன்று. ரெஜிஸ்ட்ரி என்ற பேரேட்டில் ‘அன்இன்ஸ்டால்’ என்றொரு தலைப்பு உண்டு. மென்பொருள் ஏறும்போது தன் பெயரை அங்கே தானே எழுதிக்கொள்கிறது. பக்கத்திலேயே, தன்னை நீக்க வேண்டுமானால் எந்தக் கோப்பை இயக்க வேண்டும் என்ற முகவரியையும் தானே எழுதிவைக்கிறது. யாராவது கோப்புறையை மட்டும் டெலீட் அடித்துவிட்டால் பெயரும் முகவரியும் பேரேட்டில் நிற்கும், ஆள் இருக்கமாட்டார். பல்கலைக்கழகத் துறைகளின் வாசலில் உள்ள பெயர்ப்பலகைகளோடு இதை ஒப்பிட ஆசைதான். ஆனால் ரெஜிஸ்ட்ரியில் அந்த வரியைக் கையால் அழிக்க முடியும் என்பதால் ஒப்புமை பொருந்தவில்லை.

இதிலிருந்து இத்துறையின் தலைவிதி, அதாவது தலையாய விதி, பெறப்படுகிறது: வெளியிலிருந்து வந்த மென்பொருளைப் பெரும்பாலும் விண்டோஸ் நீக்குவதில்லை. ‘எப்படிப் போவாய்?’ என்று போகவேண்டியவரிடமே கேட்கிறது. போகும் வழியை எழுதியவர், நாம் போகச் சொல்வதை விரும்பாத அதே ஆள். மற்ற விதிகள் எல்லாம் இதன் உரைகளே.

2.3 உடல் போயும் வாசம் போகாதன. 2015 பிப்ரவரியில் லெனோவோ கணினிகளில் இருந்த சூப்பர்ஃபிஷ் என்னும் விளம்பர மென்பொருள் பெரும் சர்ச்சையாயிற்று. முறைப்படி அன்இன்ஸ்டால் செய்தவர்களிடமிருந்து மென்பொருள் போனது. பாதுகாப்பான இணையத் தொடர்புகளுக்கு நடுவே புகுந்துகொள்ள அது நட்டுவைத்த மூலச் சான்றிதழ் மட்டும் போகவில்லை. அதைத் தனியே தேடிப் பிடுங்க வேண்டியிருந்தது. சான்றிதழ் ஒன்று தகுதி போன பின்னும் அப்படியே செல்லுபடியாகிக்கொண்டிருப்பது குறித்து மேலும் எழுத விரும்பவில்லை.

2.4 ஒளிந்திருப்பன. 2005-இல் சோனி பிஎம்ஜி வெளியிட்ட சில பாட்டு சிடிகளைக் கணினியில் போட்டால், எக்ஸ்சிபி என்ற நகல்தடுப்பு மென்பொருள் உள்ளே இறங்கிவிடும். ‘டாலர் சிஸ் டாலர்’ என்று தொடங்கும் எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணிலேயே படாமல் அது மறைத்துவிடும். அக்டோபர் 31 அன்று மார்க் ருசினோவிச் என்ற வல்லுநர் இதைக் கண்டுபிடித்து எழுதினார். கையால் பிடுங்கிப் பார்த்தபோது சிடி டிரைவே கணினியிலிருந்து காணாமல் போயிற்று என்றும் எழுதினார். நீக்கி வேண்டும் என்று கூச்சல் எழுந்ததும், படிவம் நிரப்பிக் கேட்டால் தருவோம் என்றார்கள். படிவம் நிரப்பி வாங்கிய நீக்கி, எந்த வலைத்தளமும் நம் கணினிக்குள் புகுந்து வேலை பார்க்கும்படி ஒரு பெரிய ஓட்டையைத் திறந்து வைத்துவிட்டுப் போனது. இந்த ஓட்டையை அம்பலப்படுத்தியவர்கள் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் ஃபெல்டனும் அவருடைய மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மனும். ஃபெல்டன் பெயரை நினைவில் வைத்துக்கொள்க.

2.5 நீதிமன்றம் ஏறுவன. 1998-இல் அமெரிக்க அரசு மைக்ரோசாஃப்ட்மீது வழக்குப் போட்டபோது எழுந்த கேள்விகளில் ஒன்று, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை விண்டோஸ் 98-இலிருந்து நீக்க முடியுமா என்பது. முடியாது, இரண்டும் ஒன்றே என்றது நிறுவனம். அத்வைதம். முடியும் என்று சொன்னதோடு நில்லாமல், நீக்கிக் காட்ட ஒரு நிரலையும் எழுதிக் கொண்டுவந்தார் மேற்படி ஃபெல்டன். பேராசிரியர் ஒருவர் தம் கொள்கையைச் செய்தே காட்டியது என்ற வகையில் இது இத்துறைக்கு வெளியேயும் ஆராயத்தக்கது. அந்த நிரலை ஓட்டினால் விண்டோஸ் நொண்டுகிறது என்று காட்ட, 1999 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் தரப்பு நீதிமன்றத்தில் ஒரு வீடியோ போட்டது. சாட்சிக் கூண்டில் நின்றவர் அந்நிறுவனத்தின் மூத்த அதிகாரி ஜிம் ஆல்ச்சின். அரசு வழக்கறிஞர் டேவிட் பாய்ஸ் வீடியோவை நிறுத்தி, திரையில் தெரிந்த ஜன்னலின் தலைப்புப் பட்டையைச் சுட்டிக்காட்டினார். அதில் இருந்த எழுத்தை வைத்தே அந்த இடத்தில் ஃபெல்டனின் நிரல் ஓடவில்லை என்று தெரிந்துபோயிற்று. தலைப்பை மட்டும் படித்துவிட்டு மறுப்பு எழுதும் நம் மதிப்புரையாளர்களின் முறைக்குக் கிடைத்த மாபெரும் அங்கீகாரம் இது.

எக்ஸ்ப்ளோரரின் வாரிசான எட்ஜின் கதை இன்னும் நுட்பமானது. ஐரோப்பாவின் புதிய டிஜிட்டல் சந்தைச் சட்டத்துக்கு இணங்கி 2024-இல் அங்குள்ள கணினிகளில் மட்டும் எட்ஜை நீக்க வழிவிட்டார்கள். பாரிசில் நீக்கலாம், பரமக்குடியில் பொத்தான் சாம்பல் நிறத்தில் கிடக்கும். பிரிதல் பாலைக்கு உரியது என்பது பழைய இலக்கணம். எட்ஜைப் பொறுத்தவரை பிரிதல் ஐரோப்பாவுக்கு உரியது.

2.6 பிரிண்டரோடு வந்தவை. எழுதத் துணிவில்லை.

2.7 தன்னைத் தான் நீக்க இயலாதன. இது இவ்வாய்வின் உயிர்நிலை. எனவே தனி இயல்.

3. தன்னீக்கச் சருக்கம்

தன் தோளில் தானே ஏறி நிற்க முடியுமா என்று தருக்க நூலார் கேட்பது போன்றது இந்தச் சிக்கல். நீக்கும் நிரலும் ஒரு நிரலே. அது எல்லாவற்றையும் நீக்கியபின் அதை யார் நீக்குவது?

முதலில் மூலபாடம். பல மென்பொருள்களின் கோப்புறையைத் திறந்தால் ‘அன்இன்ஸ்000’ என்றொரு கோப்பு இருக்கும். இன்னோ செட்அப் என்ற கருவியால் கட்டப்பட்டவற்றின் நீக்கி இது. இதிலுள்ள மூன்று பூஜ்ஜியங்கள் எதைக் குறிக்கின்றன என்பதில் கருத்து வேறுபாடு கடுமையானது. இறப்பு, நிகழ்வு, எதிர்வு என்ற முக்காலத்திலும் எதுவும் நீங்காது என்பதைக் குறிக்கின்றன என்பது முதல் கொள்கை (கூடத்துச் சுவடி, அதாவது கணினி மேசையில் ஒட்டிய மஞ்சள் தாள், வரி 2). ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலமும் நீங்கிய சூனிய நிலை என்பது இரண்டாம் கொள்கை (மேற்படி தாள், மறுபக்கம், எண்ணெய்க் கறைக்குக் கீழே). ‘அது வெறும் நம்பர் மாமா, அதே ஃபோல்டர்ல இன்னொண்ணு வந்தா 001-னு வரும்’ என்பது எங்கள் மருமகன் முறைப் பையனின் கருத்து. சரியாக இருப்பதாலும், சுருக்கமாக இருப்பதாலும், பையன் பிஎச்.டி. முடிக்காததாலும் ஆய்வுலகம் இதனைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

இனித் தடையும் விடையும்.

தடை: நீக்கி எல்லாக் கோப்புகளையும் அழித்துவிட்டுக் கடைசியில் தன்னையும் அழித்துக்கொண்டால் என்ன?

விடை: அற்றன்று. ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் கோப்பை அழிக்க விண்டோஸ் விடாது. தன்னை அழிக்க அது ஓட வேண்டும். ஓடினால் அழிக்க முடியாது.

தடை: அஃதேல், நீக்கி தன்னைப்போல் ஒரு நகலை வேறிடத்தில் வைத்து, அந்த நகலை ஓடவிட்டுத் தான் ஒதுங்கிக்கொண்டால் மூலத்தை நகல் அழிக்குமே?

விடை: ஒக்கும். என்எஸ்ஐஎஸ் என்ற நிறுவிக் கருவி இப்படித்தான் செய்கிறது. டெம்ப் கோப்புறைக்குத் தன்னை நகலெடுத்து, அங்கிருந்து திரும்பிவந்து தன்னையே அழிக்கிறது. மூலத்தை அழித்துவிட்டு நகல் நிலைபெறும் இம்முறை ஆய்வேடு எழுதுவோருக்குப் புதிதன்று.

தடை: அந்த நகலை அழிப்பவர் யார்?

விடை: இங்கேதான் மறுபிறப்புக் கொள்கை நுழைகிறது. ரெஜிஸ்ட்ரியில் ‘பெண்டிங் ஃபைல் ரீநேம் ஆபரேஷன்ஸ்’ என்றொரு பட்டியல் உண்டு; கணினி மறுபடி பிறக்கும்போது, வேறு எவரும் கண் விழிக்குமுன் செய்து முடிக்கவேண்டிய பெயர்மாற்றங்களின் பட்டியல். பெயர்மாற்றத்துக்கான இந்தப் பட்டியலிலேயே நீக்கமும் நடக்கிறது. எப்படியெனின், பழைய பெயரை எழுதி, புதுப்பெயர் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டால் ‘அழிக்க’ என்று பொருள். பெயரற்ற நிலையே முத்தி என்று கண்டவர்கள் மைக்ரோசாஃப்டிலும் இருந்திருக்கிறார்கள்.

தடை: அப்படியானால் ரீஸ்டார்ட் செய்தால் எல்லாம் தீர்ந்ததே? இந்த ஆய்வேடு எதற்கு?

விடை: எந்த வீட்டில் ரீஸ்டார்ட் செய்கிறார்கள்? ‘ரீஸ்டார்ட் நவ், ரீஸ்டார்ட் லேட்டர்’ என்று கேட்டால் ‘லேட்டர்’ அழுத்துவதே குடும்ப மரபு. பையனின் டவுன்லோடு பாதியில் நிற்கும். மின்கட்டணம் கட்டும் பக்கம் திறந்தபடி கிடக்கும். துணைவியாருக்குத் திறந்து வைத்த முப்பத்திரண்டு டேபும் நாளைக்கு வேண்டும். மூடி வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். கணினி தூங்கும், பிறக்காது. வினைப்பயன் பட்டியலில் அப்படியே கிடக்கும்.

இவ்விடத்தில் மைத்துனர் பாடம் ஒன்று உண்டு. அவர் வெளியூரிலிருந்து அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்தியில் (செய்தியின் நடுப்பகுதி, முன்னால் பேருந்து ஹாரன், பின்னால் டீக்கடை) ‘ரெஜிஸ்ட்ரிய ஓப்பன் பண்ணி அத எடிட் பண்ணிடு’ என்று சொல்கிறார் என்பது என் பாடம். ‘எடிட்’ என்பதன்மேல் எங்கள் வீட்டுக் குக்கர் விசில் விழுந்துவிட்டதால் ‘எடுத்து’ என்றும் ‘எரிச்சு’ என்றும் பாடபேதங்கள் நிலவுகின்றன. துணைவியார் பதிப்பு மூன்றாவதை ஏற்கிறது. ‘மேசை பளுவாயிருக்கு, எப்பவோ பண்ணியிருக்கணும்’ என்பது அப்பதிப்பின் சிறப்புப் பாயிரம். செய்தியை மறுபடி கேட்கச் சென்றபோது ‘திஸ் மெசேஜ் வாஸ் டெலீட்டட்’ என்றிருந்தது. ஓர் ஏடு இப்படிச் செல்லரித்துப் போனது தமிழாய்வுக்கு நேர்ந்த இழப்பு. எனினும் மூலம் கிடைக்காத இடத்தில்தான் ஆராய்ச்சி செழிக்கும்.

4. மூலச் சுவடிக் கோட்பாடு

மேலே தலையாய விதியில் ‘பெரும்பாலும்’ என்றதற்கு விளக்கம். 1999 முதல் விண்டோஸ் இன்ஸ்டாலர் என்ற நடுவர் இருக்கிறார். அவர்வழி ஏறிய மென்பொருள்களை அவரே இறக்குவார். இதற்காக ஒவ்வொன்றின் மூலப்பொதியையும் விண்டோஸ் கோப்புறைக்குள் மறைவான ‘இன்ஸ்டாலர்’ என்ற அறையில் அடுக்கி வைத்திருக்கிறார். சி டிரைவில் இடமில்லை என்று யாரோ ஒரு புண்ணியவான் அந்த அறையைப் பெருக்கித் தள்ளிவிட்டால், நீக்கச் சொல்லும்போது அவர் மூலச் சுவடியைக் கேட்பார். எந்த சிடியிலிருந்து ஏறியதோ அந்த சிடியைக் கொண்டுவா என்பார். சிடி எங்கே? கொல்லையில், காகம் வராமலிருக்கக் கட்டித் தொங்குகிறது.

சேஃப் மோடில் போய் நீக்குக என்று ஓர் உரைமரபு உண்டு. இதை உபதேசித்தவர்கள் செய்து பார்த்திருக்கவில்லை என்பதற்கு அகச்சான்று உண்டு: சேஃப் மோடில் விண்டோஸ் இன்ஸ்டாலர் வழக்கமாக எழுந்திருப்பதே இல்லை. இயல்பு நிலையில் கேட்டால் ‘இன்னொரு நிறுவல் நடந்துகொண்டிருக்கிறது, அது முடியட்டும்’ என்று 1618 எண்ணிட்டுச் சொல்வார். எது நடக்கிறது, எப்போது முடியும் என்று சொல்லமாட்டார்.

இந்த நடுவரின் பதிவுகளை அடியோடு துடைக்க ‘கிளீன்அப் யுடிலிட்டி’ என்றொரு கருவியை மைக்ரோசாஃப்டே தந்திருந்தது. அது பக்கத்திலிருந்த மற்ற மென்பொருள்களையும் கெடுக்கிறது என்று 2010-இல் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது. பிழையான பதிப்பைத் திரும்பப் பெறுவது என்ற இந்த அயல்நாட்டுப் பழக்கம் நம் பதிப்புலகுக்கு இன்னும் வந்துசேரவில்லை.

5. பிரளயக் கொள்கை

இக்கொள்கையின் ஆசான் ரிச்சி தெருவில் பயின்று எங்கள் பகுதியில் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர். உரை, பாடபேதம், மூலம் எதுவும் அவருக்கு வேண்டாம். திரையை அரை நிமிடம் பார்த்துவிட்டு, ‘ஃபார்மட் அடிச்சிடலாம் சார்’ என்பார். பிறகு, ‘சி டிரைவ்ல முக்கியமா ஏதாச்சும் வெச்சிருக்கீங்களா?’ என்பார். ஒன்றுமில்லை, எல்லாம் டெஸ்க்டாப்பில்தான் இருக்கிறது என்று நாம் சொல்வோம். டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு கோப்புறை என்ற மெய்ஞ்ஞானம் பலருக்கும் பிரளயத்துக்குப் பிறகே சித்திக்கிறது. மறுநாள் கணினி பிறந்த குழந்தையாகத் திரும்பி வரும். ‘கூடவே தேவையான சாஃப்ட்வேர்லாம் ஃப்ரீயா போட்டுட்டேன் சார், பிடிஎஃப் கன்வெர்ட்டர்கூட இருக்கு’ என்பார். பிரவுசரைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை.

6. நீக்கிக்கு நீக்கி, மற்றும் அதிதீவிரக் கொள்கை

வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் எளிதில் போகா என்பதை அவற்றைச் செய்தவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நார்ட்டனும் மெக்காஃபியும் தத்தம் மென்பொருளை நீக்குவதற்கென்றே தனியாக இன்னொரு கருவியை வெளியிட்டன. வழக்கமான வாசல்வழி போகாத தம் பிள்ளையை வெளியேற்ற அவர்களே இரண்டாவது ஆளை அமர்த்தினார்கள் என்க.

மெக்காஃபி மரபில்தான் அதிதீவிரக் கொள்கையும் தோன்றிற்று. அந்நிறுவனத்தை 1987-இல் தொடங்கி 1994-இல் விட்டு விலகிய ஜான் மெக்காஃபி, 2013-இல் தம் பெயர் தாங்கிய மென்பொருளை நீக்குவது எப்படி என்று தாமே ஒரு வீடியோ வெளியிட்டார். நூலாசிரியரே உரை எழுதுவது அபூர்வம் என்பதால் இத்துறையில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. நீக்க முடியவில்லையே என்று வரும் கடிதங்களைப் பற்றிச் சலித்துக்கொண்டு, வசைமொழிகள் மலிந்த நெடிய விளக்கத்துக்குப் பின், துப்பாக்கியை எடுத்துக் கணினியைச் சுடுகிறார்.

இம்முறை குறித்து எமக்கு ஒரு மறுப்பு உண்டு. குண்டு ஹார்ட் டிஸ்கில் படவில்லையெனில், ‘அன்இன்ஸ்டால்’ தலைப்பின் கீழ் எழுதிய பெயர் அப்படியேதான் இருக்கும்.